பின்சுவரின் சூடு

கட்டபெட்டு
15.12.2024

மரியாதைக்குரிய வனிதா அம்மணிக்கு,

சசிகலாவின் அப்பா இசக்கிமுத்து எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருமலைத் தவிர மற்றபடி சுகம்.

"ஃபோன்லயே பேசிருங்கப்பா, அவங்க பெரிய ஆர்க்கிடெக்ட், லெட்டர் எல்லாம் படிக்க நேரம் இருக்காது" என்று சசிகலா சொன்னாள். நான் கேட்கவில்லை. நான் எழுதப் படிக்கக் கற்று ஏழு மாதம் ஆகிறது. முதியோர் வகுப்பில் நெல்சன் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். எனக்கு எழுபத்து மூன்று வயது. இதுவரை எழுதியதெல்லாம் வாத்தியார் சொன்ன வாக்கியங்கள். என் மனதில் இருப்பதை நானே எழுதி, நானே ஒட்டி, தபால் பெட்டியில் போடுவது இதுதான் முதல் தடவை. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. எனக்கு அவசரம் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக எழுத்து வந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் இருப்பது பழைய எஸ்டேட் லயம், தொழிலாளர் குடியிருப்பு. வரிசையாக ஆறு வீடு. எஸ்டேட்டை மூடியபோது அவரவர் வீட்டை அவரவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். இப்போது நான் மட்டும். மேலே தகரம். மார்கழியில் புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது வீட்டுக்குள்ளும் வாயிலிருந்து புகை வருகிறது. நெஞ்சு கெட்டுவிட்டது, இனி விறகுப் புகை ஆகாது என்று குன்னூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஹீட்டர் வைத்தால் காற்று அடிக்கும் நாளில் கரண்டு இருக்காது. அடுப்பும் ஹீட்டரும் இல்லாமல் தானாகவே சூடாக இருக்கும் வீட்டை நீங்கள் கட்டுவீர்கள் என்று சசிகலா சொன்னாள். வரும் மழைக்காலத்துக்குள் அப்படி ஒரு வீடு ஆகாவிட்டால் நான் கோயம்புத்தூரில் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. என்னால் போக முடியாது.

ஒரு வேண்டுகோள். எதை வேண்டுமானாலும் இடியுங்கள். பின்சுவரை மட்டும் இடிக்காதீர்கள்.

உங்கள் பதிலை நானே படிப்பேன். தெளிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு, கையெழுத்துப் போடத் தெரிந்த
இசக்கிமுத்து


கோயம்புத்தூர்
24.12.2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குத் தபாலில் கடிதம் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஃபோன் வேண்டாம், நாம் எழுதிக்கொள்வோம். நானும் மெதுவாகவே எழுதுகிறேன்.

நான் செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் லயம் தெற்குப் பார்த்து இருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் தெற்கிலிருந்துதான் சாய்ந்து வரும். அந்தப் பக்கம் பெரிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்து, பகலில் வருகிற வெயிலைத் தடித்த மண்சுவரிலும் தரையிலும் பிடித்து வைத்துக்கொண்டால் அது ராத்திரி முழுக்க அறைக்குள் சூட்டை விடும். கூரைக்கு அடியில் சூட்டை வெளியே விடாத கனமான காப்பு. காற்று நுழைகிற இடுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஸ்வெட்டர் போடுவது போலத்தான்.

அதற்கு முன் உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரிய வேண்டும். கொத்தனார் ராசுவிடம் தீப்பெட்டி அளவில் நான்கு கருவிகள் கொடுத்தனுப்புகிறேன். கால் மணிக்கு ஒரு முறை சூட்டை அதுவே குறித்துக்கொள்ளும். ஒரு மாதம் இருக்கட்டும்.

பின்சுவர் வடக்குப் பக்கம், மலையை ஒட்டி இருக்கிறது. வெயிலே படாத சுவர். பொதுவாக ஈரம் வாங்குவதும் குளிர் தருவதும் அதுதான். அதை ஏன் விட்டு வைக்க வேண்டும் என்கிறீர்கள்?

அன்புடன்,
வனிதா


கட்டபெட்டு
8.1.2025

அன்பான வனிதா அம்மணிக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு இடத்தில் மட்டும் நெல்சன் வாத்தியார் உதவினார். வீட்டுக்கு ஸ்வெட்டர் என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

ராசு இரண்டாம் தேதி வந்து கருவிகளை மாட்டினான். வெளியே ஒன்று, முன்னறையில் ஒன்று, கூரைக்கு அடியில் ஒன்று, பின்சுவரில் ஒன்று. "ஏனுங்க பெருசு, இதுக்குள்ள கேமரா இருக்குதுங்களா? ஊட்டுல நாம பேசறதெல்லாம் அம்மணிக்குக் கேக்குமா?" என்றான். "நான் பேசறதுக்கு இங்க யாருடா இருக்கா?" என்றேன். "அதாங்க, நீங்களா பேசிக்கறது" என்றான். வாய்க்கொழுப்பு. ஆனால் நல்ல வேலைக்காரன்.

பின்சுவர் குளிர் தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மணி. அது சூடான சுவர்.

நான் முப்பத்தோரு வருடம் டீ ஃபேக்டரியில் டிரையரில் வேலை பார்த்தவன். இலை காயும் சூட்டைப் புறங்கையால் பார்த்துச் சொல்வேன். மீட்டர் காட்டுவதும் நான் சொல்வதும் ஒன்றாக இருக்கும். துரை வந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் என்னைக் கை நீட்டச் சொல்லி வேடிக்கை காட்டுவார். அந்தக் கையால் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குப் பின்சுவர் சூடாகத் தொடங்கும். பால் கறந்து சற்று நேரம் வைத்த செம்பு எப்படி இருக்கும், அப்படி. என் தோள் உயரத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கம். ஆறரைக்குக் குறையும். சாயங்காலம் நான்கரைக்கு மறுபடியும் வரும். நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலையில் காப்பி குடிப்பேன். இருமல் அடங்கிவிடும்.

விறகும் இல்லை, கரண்டும் இல்லை. நீங்கள் தேடுகிற சூடு இங்கே சும்மாவே வருகிறது. உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று முதல் பொங்கலுக்கு முற்றத்தைச் சுத்தம் செய்கிறேன். நீங்களும் நல்லபடியாகக் கொண்டாடுங்கள்.

மலையிலிருந்து,
இசக்கிமுத்து


கோயம்புத்தூர்
10.2.2025

அன்புள்ள ஐயா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கருவிகள் ஒன்றாம் தேதியே வந்துவிட்டன. அதில் இருந்த எண்களோடு பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் கை சரி. வெளியே மூன்று டிகிரி, முன்னறையில் ஒன்பது டிகிரி இருக்கிற விடியற்காலையில் பின்சுவர் இருபத்தெட்டு டிகிரிக்குப் போகிறது. ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கி ஆறரைக்கு இறங்குகிறது. சாயங்காலம் நான்கரைக்கு மறுபடியும் ஏறுகிறது.

கருவி பழுது என்று நினைத்தேன். அதே கருவியை என் மேசையில் பத்து நாள் வைத்துப் பார்த்தேன், ஒழுங்காக இருக்கிறது. உங்கள் போன கடிதத்தைப் படித்ததுமே, மின்கம்பி எங்காவது கசிகிறதோ என்று நினைத்து, நடுவில் இரண்டு நாள் மெயின் சுவிட்சை அணைத்து வைக்கச் சொல்லி ராசுவிடம் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு நாளும் சுவர் சூடாகியிருக்கிறது. மண்ணுக்குள் வெந்நீர் ஊற்று, மக்குகிற குப்பை, எதுவாக இருந்தாலும் கடிகாரம் பார்த்து ஏறி இறங்காது.

இன்னும் இரண்டு விஷயம். ஜனவரியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நான்கிலும் சூடு ஐந்துக்கு வரவில்லை, ஆறு மணிக்கு வந்திருக்கிறது. பொங்கலன்று நாலு மணிக்கே ஏறி மத்தியானம் வரை இறங்கவே இல்லை.

ஐயா, மலைக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியும்?

அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அன்புடன்,
வனிதா


கட்டபெட்டு
19.2.2025

அன்பான அம்மணிக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். என் கை சரி என்று நீங்கள் எழுதிய வரியை நெல்சன் வாத்தியாரிடம் காட்டினேன். "மெஷினே ஒத்துக்கிச்சுன்னா அப்பறம் என்னங்க ஐயா" என்றார். இத்தனை வருடம் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இப்போது காகிதத்தில் எண்ணாக நிற்கிறது. ரொம்ப சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது அல்லவா. பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கு எடுப்பது. சிலோனிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும் என்றால் ஐந்துக்கு அடுப்பு மூட்ட வேண்டும். ஞாயிறு ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். பொங்கலுக்கு விடியுமுன்பே அடுப்பு எரியும். மத்தியானம் வரை அணையாது. இதில் ஒன்றும் அதிசயம் இல்லை.

பின்னால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் ஆறு வீடு என்று எழுதினேன். அது முன்வரிசை. எங்கள் லயம் இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டியது போல முன்னால் ஆறு, பின்னால் ஆறு, நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரே சுவரில்தான் இருக்கும். ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கத்துக்கும் சூடு. அந்தக் காலத்தில் பணக்காரர் வீட்டில்கூட அப்படி ஒரு வசதி கிடையாது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் முதலில் எழுந்த பெண் அடுப்பை மூட்டிவிட்டுக் கரண்டியால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். பெரட்டுக்கு நேரமாயிற்று, எழுந்திரு என்று அர்த்தம். மறுபக்கத்திலிருந்து மூன்று தட்டு வர வேண்டும். வரும் வரை தட்டுவாள். எந்த வீட்டிலும் யாரும் தூங்கிப்போய் ஒரு நாள் வேலையை இழந்தது கிடையாது.

எனக்குப் பின்னால் இருந்தவன் என் தம்பி செல்லக்கண்ணு. அவன் மனைவி பங்கஜம். கப்பலில் ஒன்றாக வந்தோம், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியேறினோம். இப்போது பின்வரிசையை மண் மூடிவிட்டது. இவ்வளவுதான்.

வரைபடம் எப்போது அனுப்புவீர்கள்? பெரிய ஜன்னலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இசக்கிமுத்து


கோயம்புத்தூர்
12.3.2025

அன்புள்ள ஐயா,

ஆறாம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவு அன்பாகச் சாப்பாடு போட்டீர்கள். சாயங்காலம் பனி இறங்கியதும் என்னைப் பின்சுவர் அருகே உட்கார வைத்துவிட்டு, "அம்மணி, மணியைப் பாருங்க, இப்ப வரும்" என்றீர்கள். வந்தது. கையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

என்னோடு வந்த மண் சரிவுப் பொறியாளர் ஆதித்யா தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டார். உங்கள் பின்சுவர் மலையின் பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய சுவர் அல்ல. அதற்குப் பின்னால் இருக்கிற மண்ணை அகற்றி, இரண்டு மீட்டர் தள்ளி உறுதியான தடுப்புச் சுவர் கட்டி, நடுவில் மழைநீர் வடிய வழி விட வேண்டும். அதை ஜூன் மழைக்கு முன் செய்ய வேண்டும். செய்யாமல் புது வீடு கட்டினால் ஒரு நாள் மலை உங்கள் மேல் வரும். பின்சுவரை வைத்துக்கொண்டு என்னால் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. சசிகலாவிடமும் சொன்னேன். "அப்பா ஒத்துக்க மாட்டாருங்க. ஒத்துக்கலைன்னா இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்றார்.

மண்ணை எடுத்தால் உங்கள் தம்பி வீட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கிறேன். மண் மூடியபோது அவர்கள் எங்கே போனார்கள்?

அன்புடன்,
வனிதா


கட்டபெட்டு
23.3.2025

வனிதா அம்மணிக்கு,

இந்தக் கடிதத்தை நெல்சன் வாத்தியாரிடம் காட்டவில்லை. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் எங்கேயும் போகவில்லை.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பெரட்டு இல்லை. பின்வரிசைக்கு ஆபத்து என்று சொல்லி முந்திய நாளே ஐந்து வீட்டாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பங்கஜத்துக்குக் காய்ச்சல். அதனால் அவர்கள் இரண்டு பேரும் போகவில்லை. காலை பதினொரு மணி இருக்கும். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். எங்கள் சுவர் ஆடி நின்றது. வெளியே ஓடிப் பார்த்தால் பின்வரிசையே இல்லை. மண்.

திரும்ப உள்ளே வந்தபோது சுவரில் மூன்று தட்டு கேட்டது.

நானும் தம்பியும் அப்போது பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. டிரையருக்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன், இலை கருகிப்போனது. அதைக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னவன் அவன். எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை. அன்றிலிருந்து எங்கள் பக்கத்திலிருந்து பதில் தட்டு போகக் கூடாது என்று சசிகலாவின் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பங்கஜம் தினமும் தட்டுவாள். நாங்கள் தட்ட மாட்டோம்.

துரையும், ஒரு ஆபீசரும், மண்வெட்டியோடு இருபது பேரும் வந்தார்கள். தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள், போகவில்லை என்று சிலர் சொன்னார்கள். துரை சுவரைப் பார்த்துவிட்டு, இதுதான் மலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, இதைத் தொட்டால் முன்வரிசை ஆறு வீடும் போய்விடும் என்றார். ஆபீசர் என்னைப் பார்த்து, "ஏய்யா, உன் ஊட்டுக்குப் பின்னாடிதானே? உள்ள சத்தம் ஏதாச்சும் கேக்குதா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் கேட்ட அந்த நேரத்தில் தட்டல் நின்றிருந்தது. அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தேடப் போனார்கள். தட்டல் மறுபடி தொடங்கியது. மறுநாள் சாயங்காலம் நான்கரை மணி வரை கேட்டது. சசிகலாவுக்கு எட்டு வயது, கட்டிலில் படுத்திருந்தாள். அவள் அம்மா அடுப்புக் கல்லை எடுத்து முன்பக்கத்தில் வைத்தாள். சாகும்வரை அந்தச் சுவர்ப் பக்கம் சமைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இன்னும் மண் வந்தது. இனித் தோண்ட முடியாது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அடுத்த வருடம் மார்கழியில் சுவர் சூடாக ஆரம்பித்தது. முதலில் பயந்தேன். அப்புறம் ஒரு நாள் குளிர் தாங்காமல் முதுகைச் சாய்த்தேன். அவர்கள் தட்டவில்லை. சூடு மட்டும் தந்தார்கள். அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், பெரட்டுக்குப் போகிறார்கள், ஞாயிறு தூங்குகிறார்கள், நல்லபடியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்து இருபத்தேழு குளிர்காலம் போய்விட்டது. சுவரை உடைத்தால் அப்படி இல்லை என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் வேண்டாம் என்றேன்.

வாயால் சொல்ல முடியாததை எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். எழுதி முடித்த பிறகு நெஞ்சில் சளி குறைந்தது போல இருக்கிறது. இது தப்பு என்றால் சொல்லுங்கள்.

இசக்கிமுத்து


கோயம்புத்தூர்
30.3.2025

ஐயா,

படித்தேன். உங்களுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுத வேண்டும் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன், வரவில்லை. பொய்யாக எழுத எனக்கு விருப்பம் இல்லை.

இது தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது. தாசில்தார் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் முன்னிலையில், மலைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் பக்கமிருந்தே சுவரைத் திறப்பதாக முடிவாகியிருக்கிறது. ஏப்ரல் பதினாறு. அன்று நீங்கள் அங்கே இருக்க வேண்டியதில்லை.

சசிகலாவிடம் நான் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு எழுதியது போலவே எழுதுங்கள்.

வரைபடத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

வனிதா


கட்டபெட்டு
4.5.2025

அன்பான வனிதா அம்மணிக்கு,

உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா? சுவரைத் திறந்த அன்று நீங்கள் காய்ச்சலோடு பாதியில் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள். மீதியை நான் எழுத வேண்டும். மூன்றாம் நாளாக எழுதுகிறேன்.

ராசு கடப்பாரையை வைத்து மூன்றாவது இடியிலேயே சுவர் உள்ளே போய்விட்டது. "என்னங்க பெருசு, இங்க சுவரே இல்லையே, அப்பளமாட்ட இருக்குது" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து தோண்டியிருந்தார்கள். ஒரு ஆள் குனிந்து வரும் அளவுக்குக் குழி. மண்ணில் கரண்டியின் கீறல் வரி வரியாக இருந்தது. என் பக்கத்தில் மிச்சம் இருந்தது நான்கு விரல் கனம். என் தோள் உயரம், நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கம். முழங்கையால் இடித்திருந்தாலே போதும்.

மலை விழவில்லை. ஒரு கல்கூட உருளவில்லை. முட்டுக் கொடுத்ததால்தான் என்று ஆதித்யா தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல பிள்ளை.

உள்ளே மலை மண் வரவே இல்லை, அம்மணி. வாசலையும் ஜன்னலையும் மட்டும்தான் மண் அடைத்திருந்தது. அறை அப்படியே நின்றது. காய்ந்த தரை. பானை, பாய், மாடத்தில் சாமி படம். இரண்டு பேரும் இந்தச் சுவரை ஒட்டியே இருந்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். எடுத்துப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் காரியம் செய்தேன். தம்பிக்கு அண்ணன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். போலீஸ்காரர் என் வாக்குமூலத்தை எழுதப் பேனாவை எடுத்தார். நானே எழுதித் தருகிறேன் என்று வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

சசிகலா வந்திருந்தாள். என் கடிதத்தைப் பையில் வைத்திருந்தாள். காரியம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. போகும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கேட்டுச்சுப்பா. நீங்க இல்லைன்னு சொன்னீங்க. அதனால எனக்குக் கேட்டதுதான் தப்புன்னு நெனச்சுட்டேன். இத்தன வருசமும்" என்றாள். கோயம்புத்தூருக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. எழுதிக்கொண்டிருப்பேன்.

இனிச் சுவர் குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன். ராசுவும் அப்படித்தான் சொன்னான். காரியம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு வந்துவிட்டது. சுவரில் துவாரம் இருப்பதால் இப்போது சூடு அங்கேயே நிற்பதில்லை, நேராக முன்னறைக்குள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வந்தது. இன்றைக்கும் ஞாயிறு, ஆறு மணிக்குத்தான். அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். வெறும் அறை. அடுப்புக் கல்லில் புறங்கையை வைத்தேன். ரொம்ப நாளாக அடுப்பே மூட்டாத கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. ஆனால் அறை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு பேர் இப்போதுதான் எழுந்து பெரட்டுக்குப் போனது போல.

பயம் இல்லை. எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வரும் என்று தெரியாது. இருமல் விட்டுவிட்டது.

தடுப்புச் சுவரை அந்த அறைக்குப் பின்னால் தள்ளித் தாராளமாகக் கட்டுங்கள். ஜன்னலையும் நீங்கள் சொன்ன மாதிரியே வையுங்கள். ஆனால் வரைபடத்தில் அந்த அறையும் இருக்க வேண்டும். இடிக்க வேண்டாம். சுவர் உடைந்த இடத்தை அடைக்காமல் அங்கே ஒரு கதவு வைத்துக் கொடுங்கள். காற்று புகாத நல்ல கதவாக இருக்கட்டும்.

அந்தக் கதவுக்கு என் பக்கத்தில் தாழ்ப்பாள் வேண்டாம். அந்தப் பக்கத்தில் மட்டும் வையுங்கள். "உள்ள யாருங்க இருக்காங்க, யாரு தொறப்பாங்க?" என்று ராசு கேட்கிறான். வரைபடத்தில் நீங்களே குறித்துவிட்டால் அவன் கேட்காமல் வைத்துவிடுவான்.

இசக்கிமுத்து